அக்காவுக்கு அறிவு ஆறு

அப்பாவின் இரண்டாவது வருடத் திதிக்குப் பெரிய படம் ஒன்று போட வேண்டும் என்று அம்மா சொன்னதால்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். தம்பி காலேஜில் படித்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது. வேங்கிக்கால் வீட்டின் பின் அறையில் என் துப்பட்டா ஒன்றைப் போர்த்திக்கொண்டு பல வருடமாகக் கிடந்தது. படங்களை எடுத்துக்கொண்டு பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்பது என் திட்டம். பெட்டி உறுமிக்கொண்டே விழித்தது. படங்கள் கிடைத்தன. பக்கத்திலேயே ஒரு சின்னக் கோட்டைப் படமும் இருந்தது. தம்பி சோறு தண்ணி இல்லாமல் ஆடிய அந்த விளையாட்டு.

சும்மா திறந்து பார்த்தேன். நான்கு பேர் வரிசையாக நின்றார்கள். இந்த மாதிரி விளையாட்டில் நாமே ஆட்களை உருவாக்கி, பெயர் வைத்து, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவன் ஆங்கில எழுத்தில் வைத்திருந்த பெயர்கள்: அப்பா, அம்மா, அக்கா, நான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பலம், அறிவு, உயிர் என்று எண்கள். அக்காவின் வரியைப் படித்தேன். பலம் பதினெட்டு. அறிவு ஆறு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரையைப் போட்டோ எடுத்து மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். "எனக்கு அறிவு ஆறுதானா?" அனுப்பிய பிறகுதான் நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது ஞாபகம் வந்தது.

அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். தம்பி அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்தான். அவனைப் பயமுறுத்தாதே என்றார் அப்பா. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. தினமும் போன் செய்து "எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்பான். "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொன்னேன். பன்னிரண்டாம் நாள், அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, உண்மையைச் சொன்னேன். அவன் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தோம். திரும்பிப் போகும்போது கேட்டருகே நின்று, "எனக்கு எது தெரியணும்னு நீயே முடிவு பண்ணிட்ட இல்ல? இனிமே இந்த வீட்டுக்கு நான் எதுக்குக்கா வரணும்?" என்றான். அதற்கப்புறம் வரவில்லை. அம்மாவிடம் பேசுவான். என் பொங்கல் வாழ்த்துக்கு ஒரு கும்பிடு படம் வரும்.

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "ஆறே ஜாஸ்தின்னு அப்பவே நெனச்சேன்."

நான் அதைப் பதினைந்து முறையாவது படித்திருப்பேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உடனே அடுத்ததும் வந்தது. "அந்த சேவ்ல கை வைக்காத. அது கடைசிக் கோட்டை வாசல்ல நிக்குது, நீ ரெண்டு நிமிஷம் தாங்க மாட்ட. ஆடணும்னா புதுசா ஆரம்பி."

சேவ் என்றால் ஆட்டத்தை விட்ட இடத்திலேயே பதிந்து வைப்பது. ஆட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அவன் மலையிலிருந்து குதிக்கச் சொல்லியிருந்தாலும் எந்தப் பக்கம் என்று கேட்டிருப்பேன். அதே நான்கு பெயரில் புதிதாக நான்கு பேரை உருவாக்கினேன். "நான்" என்ற இடத்தில் தம்பி என்று போட்டேன். முதல் வேலையாக அக்காவுக்கு அறிவு பதினெட்டு. மிச்சத்தில் பலத்துக்கு மூன்று. ஊர் வாசலைத் தாண்டியதும் ஒரு பெருச்சாளி வந்து நான்கு பேரையும் கொன்றுவிட்டது.

அதைச் சொன்னதும் குரல் செய்தி வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் குரல், அதுவும் மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டு. "அறிவ வச்சிக்கினு என்னக்கா பண்ணுவ, பெருச்சாளிக்கு மனு எழுதிக் குடுப்பியா? முன்னாடி வரிசைல அடி தாங்கறவங்க ரெண்டு பேரு வேணும். அப்பாவ முன்னாடி போடு, நீயும் முன்னாடி நில்லு. அம்மாவும் நானும் பின்னாடி நின்னு மந்திரம் போடறோம்."

மனு என்று அவன் சொன்னது என் வேலையை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கிப் பதிவு செய்வது என் பொழைப்பு.

அன்றிலிருந்து தினமும் ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் பின் அறைக்கு ஓடினேன். அம்மா காபியை அங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த வயசுல இது வேறயா" என்பாள். ஆனால் மஸ்கட்டிலிருந்து செய்தி வரும் சத்தம் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பாள்.

அவன் எனக்குப் பாடம் எடுத்தான். எடுத்தான் என்றால், வேலை முடிந்து நடந்து போகிறபோது ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று பேசி அனுப்பினான். "ஊர்ல ஒருத்தரயும் விடாத. எல்லார்கிட்டயும் ரெண்டு தடவ பேசு, மொதல் தடவ பாதிதான் சொல்லுவாங்க." இதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பதினான்கு வருடமாக மனு வாங்குகிறேன், மூன்றாவது தடவைதான் ஜனங்கள் உண்மையான சங்கதிக்கு வருவார்கள். அந்த ஊர்க் கொல்லனிடம் மூன்று தடவை பேசினேன். மூன்றாவது தடவை அவன் ஒரு துருப்பிடித்த சாவியைக் கொடுத்தான். தம்பிக்குப் படம் அனுப்பியதும் போனே வந்துவிட்டது. "இது எங்க கெடச்சுது? இத்தன வருஷத்துல இந்தச் சாவிய நான் பாத்ததே இல்லக்கா." எனக்குக் கால் தரையில் படவில்லை.

சேவ் ஒன்றின் மேலேயே இன்னொன்றைப் போடாதே, இரண்டு தனித்தனி இடத்தில் வை என்றான். சரி என்று சொல்லிவிட்டு ஒரே இடத்தில்தான் போட்டேன். ஒரு பைலுக்கு ஒரு பிரதி போதாதா என்ற என் ஆபீஸ் திமிர். மருந்துக் குப்பிகளைப் பூட்டி வைக்காதே, உயிர் கம்மியானால் உடனே குடிக்கக் கொடு என்றான். அதுவும் என்னால் ஆகவில்லை. புதுப் போர்வையை விருந்தாளிக்கென்று பீரோவில் வைத்து வைத்தே வளர்ந்தவள் நான். குப்பிகள் சேர்ந்துகொண்டே போயின.

ஆனால் அவன் தலையில் அடித்துக்கொண்டது மலை விஷயத்தில்தான். ஊருக்கு வடக்கே ஒரு பெரிய மலை. அதைச் சுற்றிப் பாதை. மலைக்குப் பின்னால் குகை. நான் ஊரைவிட்டு வெளியே வந்ததும் இடது கைப் பக்கம், மேற்கே நடந்தேன். அங்கே ஒரு சதுப்பு நிலம், முழுக்க விஷப் பாம்பு. செத்தேன். மறுபடியும் மேற்கே போனேன். மறுபடியும் செத்தேன். நாலாவது தடவை அவன் போனில் கேட்டான்.

"ஏன்கா திரும்பத் திரும்ப அங்கயே போற? கிழக்கால போனா ஆடு மேய்க்கிறவங்கதான் இருப்பாங்க. ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் போவாங்க."

"கிழக்கால போனா மலை இடது கைப் பக்கம் வருதேடா."

"நீ கிரிவலமா போற?"

"மலைன்னா வலமாத்தானே சுத்தணும்."

"அது கம்ப்யூட்டர் மலைக்கா. ஒரு பையன் ஆபீஸ்ல ஒக்காந்து வரைஞ்சது."

"இருக்கட்டும். மலை மலைதானே."

அவன் சிரித்த சிரிப்பில் அங்கே பக்கத்தில் இருந்த யாரோ என்ன ஆயிற்று என்று விசாரித்தது எனக்கே கேட்டது. கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிழக்கே போனேன். பாதி தூரம் போய்விட்டு, வந்த வழியே திரும்பிவிடுவேன். முழுசாக இடமாகச் சுற்றவில்லை என்று ஒரு சமாதானம். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் கட்டம் கட்டமாகப் பாதையை வரைந்தேன். நான்கு பேரும் நாலாவது லெவலுக்கு வந்தார்கள். அப்பாவின் உயிர் முப்பத்திரண்டு ஆனது. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதுதான் கண்ணை மறைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, இப்போது நாம் பலசாலிதானே, ஒரே ஒரு தடவை முறையாக வலம் வந்துவிடுவோம் என்று தம்பியிடம் சொல்லாமல் மேற்கே கிளம்பினேன். சதுப்பில் பாம்புகளை வெட்டித் தள்ளினோம். அப்பாவை மட்டும் ஒன்று கொத்திவிட்டது. விஷம் ஏறினால் ஒவ்வொரு அடிக்கும் உயிர் ஒன்று குறையும். திரும்பியிருக்கலாம். வலம் கிளம்பியவள் பாதியில் திரும்புவேனா? பையில் பதினோரு குப்பி இருந்தது. ஒன்றைக் கொடுத்திருக்கலாம். சுற்று முடியப்போகும் நேரத்தில் நான் காலண்டர் தாளில் கட்டத்தை எண்ணினேன். ஊர் வைத்தியசாலைக்குக் குறுக்கு வழியில் எட்டு அடி. அப்பாவுக்கு உயிர் ஒன்பது. எதற்கு வீணாக ஒரு குப்பி என்று நடந்தேன்.

என் படத்தில் இரண்டு கட்டம் விட்டுப்போயிருந்தது.

அப்பாவின் பெயர் சாம்பல் நிறமாக மாறியது. அதே நேரம் போன் சிணுங்கியது. போனை எடுப்பதற்கு முன்னால் சேவ் போடுவது என் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது. ஒரே இடத்தில், பழையதன் மேலேயே. இனி அப்பா உயிரோடு இருந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. செய்தியைப் பார்த்தேன். "எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று அடித்து அனுப்பினேன்.

புதன்கிழமையும் கேட்டான், அதையே அனுப்பினேன். அவன் ஆசையாகப் பேசுகிறான், எதற்குக் கெடுப்பது, இன்னொரு அப்பாவை உருவாக்கி நாலாவது லெவலுக்குக் கொண்டுவந்துவிட்டால் தெரியவே தெரியாது என்றெல்லாம் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை ஆபீஸில் ஒரு மனுவுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. அதே ஆளிடம், அதே அப்பாவைப் பற்றி, அதே வாக்கியம். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அறிவு ஆறுகூட இல்லை.

சாயந்திரம் நானே போன் போட்டேன். "டேய், அப்பா செத்துட்டாருடா. கேம்ல."

"எப்போ?"

"செவ்வாக்கெழம."

"இன்னிக்கு வியாழன்."

"ஆமா. ரெண்டு நாளா பொய் சொன்னேன்."

அவன் பின்னால் ஏதோ வண்டிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைத்துவிட்டால் இனிமேல் கும்பிடு படம்கூட வராது என்றும் தெரிந்தது. சொல்வதைச் சொல்லிவிடலாம் என்று, மேற்கே போனது, திரும்பாதது, சேவ் போட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்புறம், "அப்பவும் சொல்லியிருக்கணும்டா. தப்பு பண்ணிட்டேன்" என்றேன். இரண்டு வருடமாக வாயில் வராதது அன்றைக்கு வந்தது.

"மருந்து எத்தன இருந்துச்சு?" என்றான்.

"பதினொண்ணு."

"பதினொண்ணு இருந்துமா..." என்று ஆரம்பித்து என்னைத் திட்டினான் பாருங்கள். கஞ்சப் பிசினாறி, கல்லு மனசு, கிரிவலக் கிறுக்கி. நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டேன். திட்டி ஓய்ந்த பிறகு, "அப்பாவ நம்ம கூட்டத்துலேர்ந்து எடுத்துட்டியா?" என்று கேட்டான்.

"இல்லடா. மூணு பேரும் தூக்கிட்டுதான் சுத்தறோம். வுட்டுட்டு வர மனசு வரல."

"அப்ப வழி இருக்கு" என்றான். அவன் குரலே மாறிவிட்டது. அந்த விளையாட்டு ஊரின் மேற்குக் கோடியில் ஒரு கோவில் இருக்கிறது, அங்கே செத்தவர்களை எழுப்பித் தருவார்கள். ஆனால் நிச்சயம் கிடையாது. பலிக்காவிட்டால் உடம்பு சாம்பலாகிவிடும். சாம்பலானால் அவ்வளவுதான்.

"சரி, இப்பவே போறேன்."

"போகாதக்கா. நான் வர்ற வரைக்கும் அந்தக் கோவிலுக்குள்ள கால வைக்காத. அடுத்த வெள்ளிக்கிழம நேர்ல வர்றேன். நானும் இருக்கணும்."

அந்த எட்டு நாளும் நான் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. மின்சாரம் போனால் என்ன ஆகுமோ என்று பக்கத்து வீட்டு யுபிஎஸ்ஸைக் கடன் வாங்கி வந்தேன். சேவ் இருக்கிறது, அணைக்கலாம் என்று தம்பி சொல்லியும் கேட்கவில்லை. அம்மா இட்லிக்கு ஊறப்போடும் அளவைக் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை, கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டம் இல்லாததால் சென்னை பஸ்ஸில் சுலபமாக இடம் கிடைத்து வந்து இறங்கினான். நான் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். இளைத்திருந்தான். பையை வாங்கப்போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிலுக்குப் போகல இல்ல?" என்றான். போகவில்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் புதுப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நேராகப் பின் அறைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, நீயும் வா" என்று கூப்பிட்டான்.

அம்மா ஈரக் கையோடு வந்து திரையை உற்றுப் பார்த்தாள். "இதுல நான் எதுடா?"

"பின்னாடி நிக்கற பச்ச."

"ஏன், எனக்கு ஒரு நல்ல கலர் கெடைக்கலியா?"

கோவிலுக்குள் போனோம். எழுப்பலாமா என்று திரை கேட்டது. நான் விரலைக் கொண்டுபோனேன். அவன் என் விரலைத் தட்டிவிட்டு, தானே அழுத்தினான்.

திரை ஒரு நிமிடம் இருண்டது. அம்மா என் தோளைப் பிடித்தாள். பிறகு அப்பாவின் பெயர் வெள்ளையாக வந்தது. உயிர் ஒன்று.

மூன்று பேரும் போட்ட சத்தத்தில் யுபிஎஸ் கொடுத்த பக்கத்து வீட்டம்மா மதில்மேல் எட்டிப் பார்த்தார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே மருந்துப் பையைத் திறந்தான். ஒரு குப்பியை அப்பாவுக்குக் கொடுத்தான். இரண்டாவதைக் கொடுத்ததும் உயிர் முப்பத்திரண்டு ஆகிவிட்டது.

"ரெண்டே போதும்டா" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு மூன்றாவதைத் திறந்தான்.