தலைகீழாக நின்ற பீம்

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது வெள்ளையடித்த கான்கிரீட் பீமும் அதன்மேல் ஓடும் கறுப்பு மார்க்கர் பேனாவும்தான். மயிரிழை விரிசல்கூடக் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, ஆய்வகத்தில் சுமை ஏற்றி உடைக்கும் சோதனைக்கு முன் பீமுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். சுமை ஏற ஏற விரிசல் வளரும். அக்கா ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தச் சொல்லி, கிட்டப் போய், விரிசல் ஓடிய வழியே பேனாவை ஓட்டி, அதன் நுனியில் அப்போதைய சுமையை எழுதுவார். அப்போது அவருக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வயிறு பீமில் இடிக்கும். "தள்ளி நில்லுக்கா, ஒடஞ்சு தொலையப் போவுது" என்று நான் கத்துவேன். "ஒடையத்தானடி வார்த்தோம். எங்கன ஒடையுதுன்னு பாக்க வேணாமா?" என்பார்.

புதுக்கோட்டையை அடுத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரி அது. இருவருக்கும் சிவில் துறையில் விரிவுரையாளர் வேலை; கூடப்பிறக்காவிட்டாலும் எனக்கு அவர் அக்காதான். அக்கா கறம்பக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோனபடியே முனைவர் பட்டத்துக்கும் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமானால் முதல் ஆசிரியராக அவர் பெயரில் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பீம்கள். மணலுக்குப் பதில் கல்குவாரித் தூள் போட்டு அவரே வார்த்தவை.

எங்கள் ஆய்வகத்தில் மேலிருந்து அழுத்தும் ஜாக்கி எண்ணெய் ஒழுகிக் கிடந்தது. சரிசெய்யச் சொல்லிக் கேட்டு அலுத்துப்போன அக்கா, வேறொரு ஜாக்கியைத் தரையில் வைத்துப் பீமைக் கீழிருந்து மேலே தள்ளினார். இரண்டு முனைகளும் எழும்பாதபடி இரும்புச் சட்டத்தோடு பிடித்துக் கட்டினார். கணக்கு அதேதான், திசைதான் வேறு. வழக்கமாகப் பாரம் மேலிருந்து அழுத்தும், பீம் கீழே தொய்யும், விரிசல் அடியில் தொடங்கும். அக்காவின் பீம் மேல்நோக்கி வளையும், விரிசல் மேலே தொடங்கும். இதில் அதிசயம் எதுவும் இல்லை.

அக்கா பிரசவ விடுப்பில் போன நேரம் பார்த்து, துறைக் கணினியில் இருந்த அவர் அளவுகளையும் படங்களையும் எடுத்து எங்கள் துறைத்தலைவர் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார். முதல் பெயர் அவருடையது. இரண்டாவது தாளாளரின் மகன். ரிப்பன் வெட்டிய அன்றைக்கு மட்டும் ஆய்வகத்துக்குள் வந்தவர். மூன்றாவது என் பெயர், என்னைக் கேட்காமலே. அக்காவின் பெயர் எங்கும் இல்லை. கடைசியில், சோதனைகளில் உதவியவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி.

திருடினாரே, ஒழுங்காகவாவது திருடினாரா? பீம் உடைந்த நாட்களில் அவர், கல்லூரிக்கு வந்த விருந்தினர்களைச் சித்தன்னவாசல் ஓவியம் காட்டக் கூட்டிப்போயிருந்தார். ஒரு சோதனையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. படத்தில் விரிசல் மேலிருந்து இறங்குவதைக் கண்டதும் புது உண்மை கிடைத்துவிட்டதாகத் துள்ளியிருக்கிறார். குவாரித் தூள் பீம்கள் அழுத்தம் விழும் மேல்முகத்திலேயே விரிசல் விடுகின்றன, இது இதுவரை யாரும் காணாத இயல்பு என்று எழுதிவிட்டார். தரையில் நின்ற ஜாக்கி, படத்தைக் கத்தரித்ததில் போய்விட்டது.

அச்சான கட்டுரையை நான்தான் கறம்பக்குடிக்குக் கொண்டுபோனேன். மடியில் குழந்தையோடு படித்த அக்கா முதலில் சிரித்தார். குழந்தை விழித்து அழும்வரை சிரித்தார். பிறகு முகம் மாறியது. "பேரை எடுத்துட்டாக, அது ஒரு பக்கம் கெடக்கட்டும். என் பீமையும் பொய் சொல்ல வச்சுட்டாகளேடி."

அதற்குள் அந்தப் பொய் பரவத் தொடங்கியிருந்தது. துறையிலிருந்து யார் கட்டுரை அனுப்பினாலும் துறைத்தலைவரின் கட்டுரைகளை மேற்கோள் காட்டியாக வேண்டும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். பக்கத்துக் கல்லூரிகளோடும் இதே ஏற்பாடு. குடிநீர் பற்றிய கட்டுரையில்கூட அந்தப் பீம் ஏறியிருந்தது. "இது மேற்கோள் இல்லடி, மொய்" என்றார் அக்கா. "எங்கூரு மொய் விருந்துல கறிச்சோறாச்சும் போடுவாக."

விடுப்பு முடிந்து வந்த அன்றே இருவரும் துறைத்தலைவர் அறைக்குப் போனோம்.

"ஏம்மா, அச்சாயிப் போச்சு. இத்தன பேரு மேற்கோள் காட்டியாச்சு. அடுத்த கட்டுரையில ஒன் பேர மொதல்ல போட்டுருவோம்."

"அடுத்ததுக்குப் பீம் எங்கிட்டு இருக்குங்க சார்? எல்லாத்தையும் ஒடைச்சுட்டேன்ல?"

"கைப்புள்ளய வச்சுக்கிட்டு எதுக்கும்மா இவ்வளவு கோவம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், ஜாக்கி எந்தப் பக்கம் இருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஜாக்கி அது இருக்க வேண்டிய எடத்துலதான் இருந்துச்சு" என்றார்.

ஆய்விதழுக்கு யார் வேண்டுமானாலும் புகார் எழுதலாம், ஆனால் கட்டுரையின் ஆசிரியரே எழுதினால்தான் சட்டென்று காதில் ஏறும். ஓசியில் போட்ட என் பெயர் அதற்கு உதவியது. கத்தரிக்காத படத்தை, ஜாக்கியோடு, அனுப்பினேன். இந்தப் பீம்களை வார்த்து உடைத்தவர் இவர் என்று அக்காவின் பெயரைச் சொல்லி, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். கல்லூரி என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. கொடுக்கவில்லை. வேலை போனது. போகட்டும். கட்டுரை செல்லாது என்று ஆய்விதழும் அதைத் திரும்பப் பெற்றது. துறைத்தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்று வேறொரு கல்லூரிக்கு முதல்வர். அதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் ஜெயித்தது என்று யாரும் கைதட்டிவிடக் கூடாது.

அக்கா அதே அளவுகளை வைத்துப் புதிதாக எழுதினார். என் பெயரையும் சேர்க்கப் பார்த்தார். "நான் பக்கத்துல நின்னு கத்துனேன், அவ்வளவுதான். கத்துனதுக்கெல்லாம் ஆசிரியர் பேரு கெடையாதுக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் பெயர் மட்டும் வந்தது. பட்டமும் வாங்கிவிட்டார்.

இப்போது நான் டவுனில் கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். திரும்பப் பெறப்பட்ட அந்தக் கட்டுரையை இன்னும் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அக்காவின் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் மூன்றே பேர். நான் பொருமினால், "மூணு பேரும் படிச்சிருக்காகடி. ரெண்டு பேரு சந்தேகம் கேட்டு எழுதுனாக. அது போதும்" என்கிறார். அவருக்குப் போதும். எனக்குப் போதாது. விரிசல் விடும் பக்கத்தில்தான் கம்பி போடுவோம்; நாளைக்கு ஒருவன் அந்தப் பொய்யை நம்பிக் கம்பியை மேலே போட்டுவிட்டு அடியை வெறுமனே விட்டால், கூரை யார் தலையில் இறங்கும்?

அதனால் அதை மேற்கோள் காட்டும் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறேன். பெரும்பாலும் பதில் வராது. போன வாரம் ஒரு ஆய்வு மாணவி மட்டும் எழுதியிருந்தாள்: "மன்னிக்கவும் மேடம், அந்தக் கட்டுரையை நான் படிக்கவில்லை. எங்க சார் போடச் சொன்னார்."

அக்காவின் கட்டுரையை இணைத்து, அதன் கீழே எழுதினேன்: "இதை நீ படி. உங்க சார் முகவரியை எனக்கு அனுப்பு."