குஞ்சா, வளர்ந்த மீனா?

போன சனிக்கிழமை ஒரு மீனின் முதுகெலும்பைப் பார்த்தேன். குழம்பில் இல்லை... உயிரோடு நீந்திக்கொண்டிருந்த மீனில்!

ஈப்போவில், சிலிபின் பக்கம் என் பக்கத்து வீட்டுக்காரர் சவரிமுத்து. சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர். இந்த வருஷம்தான் மனைவி ரோசம்மாளோடு ஈப்போவுக்கு வந்து, அழகு மீன் பிடித்து விற்றுப் பிழைக்கிறார்.

மீனைத் தின்னாமல் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்க ஆள் உண்டா என்று கேட்கிறீர்களா? ஈயச் சுரங்க முதலாளிகள் வீட்டில் இப்போது அதுதான் மோஸ்தர். பினாங்கில் கப்பலேறிச் சீமைக்கே போகிறதாம்!

ஆனால் தொழில் படுத்துவிட்டது. இவர் பிடிக்கிற மீனைத்தான் எல்லோரும் பிடிக்கிறார்கள். தோட்டத்துக் கங்காணி வீடு தேடி வந்து, "பேசாம திரும்பி வந்துடு. திங்கக்கெழம வாரேன், பதில் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் மறுபடி போய் அடைந்து கிடக்க ரோசம்மாளுக்கு இஷ்டமே இல்லை.

அந்த நேரத்தில்தான் சவரிமுத்துவின் வலையில் இந்த மீன் மாட்டியது. விரல் நீளம். உடம்பு சுத்தக் கண்ணாடி. தலைக்குப் பின்னால் வெள்ளியாய்ச் சின்ன வயிறு, அப்புறம் வெறும் முள்ளும் வாலும். நீளமாக இரண்டு மீசை வேறு. முதலில் செத்த மீன் ஒன்றைக் கொண்டுபோய் அழகு மீன் கடைத் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், காட்டினாராம். செத்ததும் அது பால்போல் வெளுத்துப் போயிருந்தது. "கண்ணாடி எங்கே?" என்று முதலாளி சிரித்துவிட்டார்.

அதனால் சனிக்கிழமை உயிரோடு ஒரு கண்ணாடி ஜாடி நிறைய. துணைக்கு ரோசம்மாளும் நானும். எனக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது... வேடிக்கை பார்க்கத் தெரியும்.

இது என்ன மீன்? அங்கேதான் வம்பு. வழியில் பார்த்த தமிழர்கள் வாளைக் குஞ்சு என்றார்கள். ஒரு மலாய்க்காரர் லாயிஸ் என்றார். தவுக்கேயோ ஜாடியைப் பார்த்ததுமே பின்வாங்கினார்.

"தா போலே லா! இது தாப்பா குஞ்சு. நாளைக்கு பெசார் ஆகும், எல்லா மீனும் மாக்கான்!"

முடியவே முடியாது, பெரிதானால் மற்ற மீனையெல்லாம் தின்றுவிடும் என்கிறார். தாப்பா லேசுப்பட்ட மீனா? ஆள் நீளத்துக்கு வளர்ந்து, அகப்பட்டதையெல்லாம் விழுங்குகிற ஆற்று மீன். முன்பு யாரோ கொடுத்து இவர் விற்ற குட்டி மீன் ஒன்று, ஒரு முதலாளி வீட்டுத் தொட்டியையே காலி செய்துவிட்டதாம். அந்தத் திட்டு இன்னும் இவர் காதில் இருக்கிறது.

"இல்ல தவுக்கே, நான் புடிச்சதெல்லாம் இதே சைஸுதான்" என்றார் சவரிமுத்து.

"எல்லாமே குஞ்சு. அம்மா வேற எடம்!"

வளராது என்று காட்ட, வளர்கிறதா என்று காத்திருக்க வேண்டும். கங்காணி காத்திருப்பாரா? சவரிமுத்து ஜாடிக்குத் துணி கட்டத் தொடங்கினார். எனக்கு மனசே கேட்கவில்லை.

ரோசம்மாள் ஜாடியை வெடுக்கென்று வாங்கி, வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். "அண்ணே, இங்க வந்து பாருங்க... இந்த ஒண்ணு மட்டும் ஏன் உப்பி இருக்கு?"

பார்த்தேன். வயிற்றுக்குப் பின்னால், தோல் வழியாகவே தெரிந்தது — கசகசா தூவியதுபோல் பொடிப்பொடியாக...

"தவுக்கே, இது குஞ்சு இல்ல. வாயும் வயிறுமா இருக்கு!" என்றாள் ரோசம்மாள்.

தவுக்கேவுக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. சவரிமுத்து பாய்ந்து, "தெலோர்! முட்டை தவுக்கே, முட்டை!" என்று கத்தினார்.

முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாடியில் மூக்கை ஒட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார். முட்டை வைத்திருக்கிற மீன் எப்படிக் குஞ்சாகும்? அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாகூஸ், ரொம்ப நல்லது! வாராவாரம் ரெண்டு டின் கொண்டா. கப்பலுக்கு அனுப்பலாம்." எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நான் பிடித்த மீன் மாதிரி!

சின்னதாக இருந்தால் குஞ்சு என்கிறோம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர் என்றால், எப்படியும் திரும்பிப் போய்விடுவார் என்கிறோம். உற்றுப் பார்க்க யாருக்கு நேரம்? அது அதன் முழு அளவுக்கு வளர்ந்து, குடும்பம் நடத்திக்கொண்டிருக்கலாம்.

திங்கட்கிழமை கங்காணி வந்தார். வாசலெல்லாம் மண்ணெண்ணெய் டின்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர். "என்னப்பா, பொறப்படலாமா?" என்றார், தோட்டத்துக்கு ஆள் பிடித்தே பழகிய குரலில்.

சவரிமுத்து வாயைத் திறப்பதற்குள் ரோசம்மாள் முந்திக்கொண்டாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க அண்ணே! டின்னு தூக்க ஆள் தேடிக்கிட்டு இருக்கோம்... நீங்க வாரீங்களா?"