ஒற்றைக்கண்ணிக்குப் பதற்றம் ஆகாது

"வீட்ல யாரு புதுசா வந்தாங்க?"

பூனையைத் தொடுவதற்கு முன்பே கேட்டுவிடுவார் எங்கள் பூனை டாக்டரம்மா. கண்ணில் நீர் வடிய, தும்மலும் மூக்கொழுகலுமாக ஒரு பூனை மேசைக்கு வந்தால் போதும், விசாரணை தொடங்கிவிடும். வீடு மாறினீங்களா, சோபா வாங்கினீங்களா, புருஷன் பொண்டாட்டி சண்டையா? கூடையோடு வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நான், என் பூனைக்கு மருந்து வாங்குகிற சாக்கில் அரைமணி நேரம் உட்கார்ந்து இதை ரசித்துவிட்டு வருவேன்.

"குட்டியில வந்த சளிதாங்க. போயிடுச்சுன்னு நாம நினைச்சுக்குவோம். அந்த வைரஸ் எங்கயும் போகல. நரம்பைப் புடிச்சு ஏறி, மண்டைக்குள்ள ஒரு நரம்பு முடிச்சுல போய்ப் படுத்துக்கும். சோறு கேக்காது, சத்தம் போடாது. ஆயுசு பூரா அங்கதான். பூனை மிரண்டுச்சுன்னா எழுந்து, ஏறின வழியாவே கண்ணுக்கும் மூக்குக்கும் இறங்கி வந்துரும்."

மருந்து கிடையாதா என்றால், "எழுந்து வந்தா அடக்கலாம். தூங்குறதை ஒண்ணும் பண்ண முடியாது. நமக்கும் அதே குடும்பத்துல ஒண்ணு இருக்கு, உதட்டோரம் கொப்புளமா வருமே, அது" என்பார்.

அவர் வளர்க்கும் பூனைக்கே இதனால் ஒரு கண் போய்விட்டது. பெயர் ஒற்றைக்கண்ணி. மிச்சமிருக்கும் கண்ணும் போய்விடுமோ என்ற பயத்தில் அந்த வீட்டில் நாற்காலி நகராது, மிக்ஸி மூடிய கதவுக்குப் பின்னால்தான் ஓடும். நான்கூடத் தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, கப்பலில் எஞ்சினியராக இருந்த கணவர் ஓய்வுபெற்று ஒரேயடியாக வரப்போகிறார் என்று சேதி வந்தது. இயந்திர இரைச்சலில் கத்திக் கத்தியே பேசிப் பழகியவர். அந்த வாரம் டாக்டரம்மாவின் உதட்டோரத்தில் ஒரு கொப்புளம். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"வாயைத் திறந்தீங்க, தெரியும் சேதி!"

கணவர் தங்கமான மனிதர். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று, மனைவி கிளினிக்கில் இருந்த நேரத்தில் கூடத்தையே தலைகீழாக மாற்றி வைத்துவிட்டார். பூனை படுக்கிற நாற்காலி மொட்டைமாடிக்குப் போனது. சில நாளில் ஒற்றைக்கண்ணி கண்ணைத் திறக்கவில்லை. சாயச் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்த்தால், கருவிழியில் பச்சையாக ஒரு புண். டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"கப்பலையே ஓட வச்சவருக்கு ஒரு நாற்காலியை இருந்த இடத்துல விட்டு வைக்கத் தெரியலையா?"

"நீ வந்து பார்த்தா சந்தோஷப்படுவியேன்னுதான்…" அந்த மனிதருக்கு மெதுவாகவும் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நாற்காலியை அவரே சுமந்து இறக்கினார். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டதும் அவர்தான். சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். போன் வந்தால் தெருமுனைக்குப் போய்ப் பேசினார். புண் மெல்ல ஆறியது. சின்னத் தழும்போடு பார்வை தப்பியது.

போன ஞாயிறு மதியம் குடை கேட்கக் கீழே போனேன். கணவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒற்றைக்கண்ணி அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. "பசிக்குது" என்று உதட்டை மட்டும் அசைத்தார் அவர். அசையாதீங்க என்று கைகாட்டிய டாக்டரம்மா, தட்டோடு வந்து ஓசைப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்துக் கணவருக்கு ஊட்டினார்.