ஆறு இடங்கள்

சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டீசல் டேங்க்குக்குள் நான் பல முறை இறங்கியிருக்கிறேன். அடித்தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மீட்டர் வைத்து அளந்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு.

டேங்க்கைக் காலி செய்தாலும் அடியில் கசடு நிற்கும். டீசலோடு வந்த தண்ணீரும் துருவும் அழுக்கும் சேர்ந்து கணுக்கால் அளவுக்குக் கருப்பாகக் கிடக்கும். அதை முழுக்க வார ஒரு வாரம் வேண்டும். தொழிற்சாலை கொடுத்தது இரண்டே நாள். வாரினாலும் வெளியே கொண்டுபோய்க் கொட்ட ஆயிரத்தெட்டு அனுமதி. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தகட்டில் ஆறு இடங்களில் குறி குத்தியிருந்தது. அங்கே மட்டும் கசடைத் தள்ளி, துணியால் அணை கட்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுரண்டி அளப்போம். எப்போதும் அதே ஆறு இடங்கள்தான். அப்போதுதானே போன தடவையோடு ஒப்பிட முடியும். அளந்ததும் துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று அந்த இடங்களில் பெயின்ட்டும் அடித்துவிட்டு வருவோம். எண்கள் மாறாமல் வரும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும்.

சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் தக்காளி போட்டிருந்தது. ஒருமுறை வேலை முடித்து வெளியே வந்தபோது அந்த வீட்டு அம்மா தொழிற்சாலை கேட் அருகில் நின்றிருந்தார். கிணற்றுத் தண்ணீரில் ஒரு மாதிரி வாடை வருகிறதாம், சினை மாடு தொட்டியில் வாய் வைக்க மாட்டேன் என்கிறதாம். டேங்க் ஏதாவது ஒழுகுகிறதா என்று கேட்டார். பாட்டிலில் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார். முகர்ந்து பார்த்தேன். தலை முதல் கால் வரை டீசல் நாற்றத்தோடு நின்ற எனக்கு அதில் என்ன தெரியும்?

“டேங்க் கல்லு மாதிரி இருக்குதும்மா. உங்க கெணத்து மோட்டாருதான் ஆயில் ஒழுவும், அத மாத்துங்க” என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். சொட்டு டீசல் எடுக்காத ஞாயிற்றுக்கிழமையிலும் டேங்க்கில் மட்டம் இறங்கியிருந்தது. இந்த முறை கசடு முழுவதையும் வாரினோம். நாள் இல்லை, அனுமதி இல்லை என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் ஆறு இடங்களும் புதுத் தகடு போல இருந்தன. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, தகடு முழுக்க அம்மைத் தழும்பாகக் குழிகள். ஓர் இடத்தில் பென்சில் நுழைந்தது. கசடுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் வருஷக்கணக்கில் இரும்பைத் தின்றிருக்கிறது. நாங்களே பெயின்ட் அடித்துக் காப்பாற்றிய இடத்தை நானே திரும்பத் திரும்ப அளந்து, நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்குப் போகாதே, எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார் எங்கள் மேனேஜர். போனேன். போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

கிணற்றில் புது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பழையது வேலியோரம் மழையில் நனைந்து கிடந்தது. தக்காளிச் செடிகள் கருகியிருந்தன. மாட்டுக்குக் கன்று தங்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வயிற்று வலி நிற்கவே இல்லை என்று அந்த அம்மா சொன்னார்.

“மாடு வேணாம்னுச்சுங்க. நாங்கதான் நீங்க சொன்னத நம்பிக் குடிச்சோம்.”

மன்னிப்புக் கேட்க வந்தவன், அதை விட்டுவிட்டு, கசடு, குறி, ஆறு இடங்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கடைசி வரை கேட்டார்.

“மத்த எடத்தயெல்லாம் யாரு சார் பாத்தாங்க?”

“யாரும் பாக்கலம்மா” என்றேன்.