ஜூலையும் டிசம்பரும் மட்டும் தேறின

இலவசமாக ப்ரோகிராம் எழுதி ஊருக்குக் கொடுக்கிற தொழிலில் சம்பளம் வராது, பயம் மட்டும் தவறாமல் வரும். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியோடு மாரடித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூடப் படித்தவன் எழுதியது

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகரில் பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். வேலை நேரம் போக நானும் நண்பன் ராகவனும் தேதிக் கணக்குப் போடும் ஜாவா ப்ரோகிராம் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்டர்நெட்டில் போட்டிருந்தோம். ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடம் உடைந்தது. அதனால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சோதிக்க ஒரு டெஸ்ட் ஃப்ரேம்வொர்க், அதாவது விடை சரியா என்று பார்த்துச் சொல்லும் இன்னொரு ப்ரோகிராம், தேவைப்பட்டது. வெளிநாட்டுக்காரர்கள் இலவசமாகத் தருவது ஒன்று இருந்தது, ராகவனே எழுதியது ஒன்று இருந்தது.

நான் வெளிநாட்டுப் பக்கம் சாய்ந்தேன்.  மூன்றாம் நாள் ராகவன் மயிலாப்பூர் குளத்தருகே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "எவனோ எழுதினத நம்பறே, கூடப் படிச்சவன் எழுதினத நம்ப மாட்டியாடா?"

நன்றிக் கடிதம்

நம்பினேன். ஒரே ஒரு டெஸ்ட் எழுதினான், அவன் பிறந்த ஜூலை மாதத்துக்கு. பாஸ்.

பிப்ரவரி நடுவில் ஒரு மெயில் வந்தது. அடையாற்றில் ஒரு ரத்த வங்கி. தானம் வாங்கிய நாளிலிருந்து முப்பத்தைந்து நாளில் ரத்தம் காலாவதி, அந்தத் தேதியை எங்கள் ப்ரோகிராம்தான் போடுகிறதாம், மிக்க நன்றி என்று எழுதியிருந்தார்கள். மெயிலை இன்னொரு தடவை படித்தேன். பொழுதுபோக்குக்கு எழுதியதை வைத்து யாருக்கோ ரத்தம் ஏற்றுகிறார்களே! ராகவனுக்கோ தலைகால் புரியவில்லை. "ஆத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டா, நாம எழுதினது உசிரக் காப்பாத்தறதுன்னு."

சிவப்புப் பட்டை

பயத்தில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு டெஸ்ட் எழுதினேன். சரியான விடையை ஆபீஸ் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் விரல் விட்டு எண்ணி எடுத்தேன். ராகவனின் ஃப்ரேம்வொர்க்கில் ஓட்டினால் பன்னிரண்டும் பாஸ். அப்போதும் மனசு ஆறவில்லை. பிரவுசிங் சென்டரில் மூன்று முறை லைன் அறுந்து, வெளிநாட்டு ஃப்ரேம்வொர்க்கை ஃப்ளாப்பியில் இறக்கிக்கொண்டு வந்தேன். அதில் சரியென்றால் பச்சைப் பட்டை, தப்பென்றால் சிவப்பு.

சிவப்பு. ஜூலையும் டிசம்பரும் மட்டும் தேறின. ஜாவாவுக்கு ஜனவரி என்றால் பூஜ்யம். நாங்கள் ஒன்று என்று கொடுத்திருந்தோம், அது பிப்ரவரியாக எடுத்துக்கொண்டு, இருபத்தெட்டே நாள் என்று எண்ணியிருக்கிறது. அடுத்த மாதத்துக்கும் முப்பத்தொரு நாள் இருப்பதால்தான் ஜூலையும் டிசம்பரும் தப்பின. ஜனவரி இருபதில் எடுத்த ரத்தம் பிப்ரவரி இருபத்துநாலோடு முடிய வேண்டும். எங்கள் ப்ரோகிராம் இருபத்தேழு என்றது. அன்றைக்குத் தேதி இருபத்தைந்து. ராகவனைக் கூப்பிட்டேன்.

ராகவன் தன் ஃப்ரேம்வொர்க்கைத் திறந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "தப்பு வந்தா பாதில நின்னுடக் கூடாதேன்னு, அதை முழுங்கிட்டு பாஸ்னு போட்டு மேல போற மாதிரி நான்தான்டா எழுதிருக்கேன்."

அடையாறு

ரத்த வங்கியில் யாரும் போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் கிளம்பினோம். கோட்டூர்புரம் பாலம் தாண்டும்வரை பின்னால் ராகவன் ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். எனக்கு அது கூட வரவில்லை. யாருக்காவது ஏற்றியிருப்பார்களோ என்பது தவிர வேறு நினைப்பே இல்லை.

அங்கே லேப் பார்க்கிற கஸ்தூரி அம்மா, சைதாப்பேட்டைக்காரர். நாங்கள் உளறியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலாவதி என்று தனியாக ஒதுக்கி வைத்திருந்த ஒரு ரத்தப் பையை எடுத்துக் காட்டினார். அதன்மேல் அவரே பேனாவால் எழுதியிருந்தார், இருபத்துநாலு. ஒவ்வொரு பையிலும் அப்படித்தானாம். கம்ப்யூட்டர் சொன்னதை அவர் பார்த்ததே இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படியே அவர் காலில் விழுந்திருப்பேன்.

வாசல்வரை வந்தவர் சாவகாசமாகச் சொன்னார்: "நல்ல நேரத்துல வந்தீங்க சார். வர்ற ஒண்ணாந் தேதிலேர்ந்து கையால எழுத வேணாம், எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்னு சொல்லிக்கிறாங்கோ."

எந்த ஃப்ரேம்வொர்க் நல்லது என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள், நானும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, பச்சைப் பட்டையைப் பார்த்த கையோடு நாட்காட்டியை எடுத்து ஒரு தடவை விரல் விட்டு எண்ணிக்கொள்கிறேன்.