இரண்டு ஓடைக்கும் ஒரே எண்

பெரியப்பா அன்று இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். கல்லோடை வெள்ளம் கூடாரங்களை இழுத்துக்கொண்டு போனதற்கு மறுநாள் மத்தியானம் அது. மீன் முள்ளை நாவால் பிரித்தெடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கினார். எதிரே இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதருக்கு அன்றைக்கு அப்படிப் பசித்தது என்பதை இன்றும் என்னால் செரிக்க முடியவில்லை.

அவர் என் அம்மாவின் அக்காவின் கணவர். எங்கள் வளவிலேயே அடுத்த வீடு. நீர்மட்டம் பார்ப்பது அவருடைய உத்தியோகம். வெல்லாவெளிக்கு மேற்கே குன்றுகளிலிருந்து இறங்கும் இரண்டு ஓடைகளில் அளவுப்பலகைகள் நட்டிருந்தார்கள். தினமும் காலையில் போய்ப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். அருகருகே பிறந்தாலும் அந்த ஓடைகளின் குணம் வேறு. மண்ணோடை பிறக்கும் குன்றில் ஆள் உயரத்துக்கு மேல் மண். அதற்கும் கீழே உக்கிப்போன பாறை. பெய்த மழையை அந்தக் குன்று உறிஞ்சி வைத்து நாட்கணக்கில் கசியவிடும். பங்குனி வெயிலிலும் ஓடையில் கணுக்கால் நனையும். கல்லோடையின் குன்றோ மொட்டைப் பாறை. இடுக்குகளில் ஒரு சாண் சரளை, அதில் சில பற்றைகள். விழுந்த மழை தங்க இடமின்றி வழுக்கி இறங்கும். வெயிலில் வறண்டு கிடக்கும் அந்த ஓடை, மழை கொட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் மரத்தைப் புரட்டும்.

யுத்தம் இறுகிய அந்த மாரியில், கல்லோடைப் பலகைக்குப் போகும் பாதையில் புதிதாக ஒரு காவலரண் வந்தது. பெரியப்பா அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார். அந்தப் பயத்தை நான் குற்றம் சொல்லமாட்டேன்; அவ்வழியே போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. மண்ணோடையை மட்டும் பார்த்துவிட்டு வந்து என்னைக் கூப்பிடுவார். எனக்குப் பதின்மூன்று வயது. என் எழுத்து வடிவானது என்று, அவர் சொல்ல நான் எழுதுவது வழக்கமாயிற்று.

"மண்ணோடைக்குப் போட்டதையே கல்லோடைக்கும் போடு, மகள்."

"ரெண்டும் ஒண்டா, பெரியப்பா?"

"வானம் ஒண்டுதானே? மழையும் ஒண்டுதான். பேசாம எழுதுகா. கந்தோர்ல பதிவேடு வாங்கிறவன் வந்து முங்கியா பார்க்கப்போறான்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். பதிவேட்டில் கல்லோடைக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுத்து வெறுமையாக விட்டிருக்கலாம். பார்க்கவில்லை என்பதாவது உண்மையாக நின்றிருக்கும்.

பிறகு, ஷெல்லுக்குத் தப்பிச் சனங்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து வந்தார்கள். பள்ளிக்கூடம் நிரம்பியதும், மிச்சக் குடும்பங்களைக் கல்லோடையின் கீழ்க்கரையில் கூடாரம் போட்டு இருத்த முடிவாயிற்று. இடம் பார்க்க வந்த அதிகாரியோடு வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை மல்லுக்கட்டினார்.

"ஐயா, மேல மொட்டைப் பாறை. மழை பிடிச்சா சனத்துக்குப் பாயைச் சுருட்டவும் நேரம் கிடையாது."

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினாராம். "ஒரு மாசமா ஒரு சாண்கூட ஏறயில்லையே. நீங்க என்ன, ஓடைக்குச் சாத்திரம் பார்க்கிறீங்களா?"

பக்கத்தில் நின்ற பெரியப்பா வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, வட்டவிதானையின் முகம் போன போக்கை நடித்துக் காட்டினார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம்.

சனங்கள் அங்கே குடியேறிய ஐந்தாம் நாள் பட்டப்பகலில் குன்றுகளின்மேல் மழை கொட்டியது. மண்ணோடை சற்றே கலங்கியது. கல்லோடை கூடாரங்களை வாரிக்கொண்டு போனது. காய்ச்சலில் படுத்திருந்த ஒரு தாயை அவருடைய மகளால் இழுத்தெடுக்க முடியவில்லை. உடல் வாவிக்கரைச் சேற்றில் வளரும் கண்ணா மரப் பற்றைக்குள் கிடைத்தது.

மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவிய பெரியப்பா பதிவேட்டை என் முன் விரித்தார். "இந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டு மறுகா எழுதுவம். கடைசி நாலு நாளும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் போடு. தண்ணி ஏறுறது தெரிஞ்சும் சனத்தை எழுப்பயில்லை எண்டு, இடம் காட்டின ஐயாட தலையில விடியட்டும்."

நான் எழுதினேன். ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினேன். அவரை அருவருக்கும்போதெல்லாம் என் விரல்களும் அதற்குள் வந்துவிடுகின்றன.

யுத்தம் முடிந்து, இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன். ஒரு சொல் இடம் மாறினால் பொருள் எப்படிக் கெடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறேன். ஓய்வுபெற்ற பெரியப்பா, பதிவு ஒருநாளும் தவறியதில்லை என்று வருவோரிடம் பெருமை பேசுகிறார். நான் எழுந்து போய்விடுவேன். அதற்கு மேல் எதையும் செய்யாதிருந்தேன். சென்ற மாதம்தான், இறந்துபோன அந்தத் தாயின் மகளைத் தேடிக் கிரானுக்குப் போனேன். முற்றத்தில் நெல் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். பெரியப்பா சொன்னதையும் நான் எழுதியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கால் நின்றது. என்னை இருக்கச் சொல்லவில்லை. நெல்லைப் பார்த்தபடியே சொன்னார்:

"இவ்வளவு காலமும் நான் மழையைத்தானேகா திட்டிக்கொண்டிருந்தன்."