மஞ்சள் துணியில் முடிந்த மாத்திரைகள்

சங்ககிரியில் லாரிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டால் பாதி ஆயுள் வாசலைப் பார்த்தே போய்விடும். சௌந்திரத்துக்கு அது போதாதென்று இன்னொரு ஏக்கமும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கவில்லை. "விசேஷம் உண்டா?" என்று கேட்க மட்டும் ஊரில் எல்லோருக்கும் நேரம் இருந்தது.

திருச்செங்கோட்டு மலை உச்சியில் இருக்கும் வறடிக்கல்லையும் சுற்றிவிட்டு வந்தாள். பிள்ளையில்லாத பெண்கள் சுற்றும் பாறை அது. ஒரு பக்கம் கால் வைக்க இடமிருக்காது, கீழே அதலபாதாளம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்ற, புருஷன் வேலுமணி கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றான்.

பிள்ளை வரவில்லை. எண்பத்திரண்டாம் வருஷம் மார்பில் கட்டி வந்தது. மெட்ராஸில் அறுத்து எடுத்தார்கள். டாக்டரம்மா ஒரு புது மாத்திரை எழுதினார். பெண் உடம்பில் ஊறும் ஒரு சுரப்புதான் இந்த நோய்க்குத் தீனி, அது உள்ளே போகும் வாசலை மட்டும் மாத்திரை அடைத்துவிடும், மற்ற மருந்துகளைப் போல உடம்பு முழுவதையும் போட்டு அடிக்காது என்று பொறுமையாகச் சொன்னார். நோய் திரும்பாமல் இருக்கச் சில வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும். அதுவரை பிள்ளைப் பேச்சே கூடாது.

சௌந்திரத்தின் காதில் கடைசிப் பேச்சுதான் விழுந்தது.

சேலத்தில் தேடியும் அந்த மாத்திரை கிடைக்கவில்லை. வேலுமணி பம்பாய் லோடு போகும்போதெல்லாம் வாங்கி வந்தான். லோடு அமையாவிட்டால் எவன் லாரியிலாவது கெஞ்சி ஏறிப் போனான். தனக்கென்று ஒரு சட்டைத் துணி எடுக்கத் தெரியாத மனுஷன், அந்த டப்பாவை மடியை விட்டு இறக்கமாட்டான்.

அவள் சாப்பிடவில்லை. ஒவ்வொன்றாக மஞ்சள் துணியில் சேர்த்து முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நேர்ந்துகொண்டால் காசை முடிந்து வைப்பது வழக்கம். இவள் மாத்திரையை முடிந்தாள். ஒரு பிள்ளையைக் கொடு, அதுவரை நோயை நீயே பார்த்துக்கொள், பிறகு சாப்பிடுகிறேன் என்று செங்கோட்டு ஈசனோடு ஓர் ஒப்பந்தம். அவரும் பாதி பெண்ணாயிற்றே, புரிந்துகொள்வார் என்று நம்பினாள். பாவம், ஆசை யாரைத்தான் யோசிக்க விட்டது!

ஆயுதபூஜைக்கு ஊர் வந்த வேலுமணி துடைப்பதற்காகப் படத்தை எடுத்தான். முடிச்சு விழுந்து அவிழ்ந்தது. மாத்திரைகள் தரையெல்லாம் உருண்டன.

"என்ன அம்மணி இது?"

"எனக்கு ஒரு கொழந்த வேணுமுங்க," என்றாள் சௌந்திரம். "உங்களுக்கும் ஆசதானுங்க. அந்தக் கல்லுகிட்ட நீங்களுந்தான் கண்ண மூடி வேண்டுனீங்க."

அவன் உட்கார்ந்து மாத்திரைகளைப் பொறுக்கினான். தலை நிமிரவில்லை.

"நான் கொழந்த கேக்கல அம்மணி. நீ சுத்தி முடிக்கிற வரைக்கும் கால் தவறி உழுந்தறக் கூடாதுன்னுதான் வேண்டுனேன். இப்பவும் அதேதான் கேக்கறேன்."

சௌந்திரம் வெகுநேரம் அழுதாள். பிறகு அவன் உள்ளங்கையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, தூசியை ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள்.

பிள்ளை ஆசை அன்றோடு போயிற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொட்டில் கட்டிய வீட்டைத் தாண்டும்போது அவள் நடை தானாகத் தளரும். ஆனால் பம்பாய் லாரி திரும்பும் நாளில், டப்பாவைக் கையில் வாங்கும் முன் அவன் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்வாள்.